கூரையைத் தள்ளினால் சனி கிரகம்

1933-ஆம் வருடம், ஆகஸ்ட் 3. தெற்கு லண்டனில் நார்பரி என்று ஒரு பகுதி. அங்கே குடியிருந்த ஒரு காமெடி நடிகர் அன்று ராத்திரி தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த டெலஸ்கோப்பைச் சனி கிரகத்தின் பக்கம் திருப்பினார். ஆறு அங்குல லென்ஸ், குக் கம்பெனி தயாரிப்பு. பார்த்தால், கிரகத்தின் நடுப்பட்டையில் பளிச்சென்று ஒரு பெரிய வெள்ளைப் புள்ளி. அதுவரை இல்லாத புள்ளி!

நடிகர் பெயர் வில் ஹே. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரிந்த மாதிரி அதட்டும் பள்ளிக்கூட வாத்தியார், அந்த வாத்தியாரையே ஏய்க்கும் பையன்கள். இதுதான் அவருடைய ஆஸ்தான காமெடி. 1937-ல் வந்த 'ஓ, மிஸ்டர் போர்ட்டர்!' படத்தில் உருப்படாத ஒரு குக்கிராமத்து ரயில் நிலையத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டராக வந்து கலக்குவார். நம்ம ஊரில் நாகேஷ் மொட்டை மாடியிலிருந்து சனி கிரகத்தில் புயல் கண்டுபிடித்தார் என்று பேப்பரில் வந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

ஆனால் ஹே தோட்டத்துக்குள் போய்விட்டால் காமெடியன் இல்லை. 1932-லேயே ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியில் ஃபெல்லோ ஆகிவிட்டவர். வானியல் விஷயங்களில் டபிள்யூ. டி. ஹே என்றுதான் பெயர் போட்டுக்கொள்வார், சினிமாப் பெயரைக் கலக்க மாட்டார். 1935-ல் 'த்ரூ மை டெலஸ்கோப்' என்று சாதாரண ஜனங்களுக்காக ஒரு புத்தகமும் எழுதினார். அந்த வெள்ளைப் புள்ளியை மற்ற வானியலாளர்களும் பார்த்து உறுதி செய்தார்கள். அது சனியின் வளிமண்டலத்தில் கிளம்பிய ராட்சசப் புயல். பூமியை விடப் பெரிய சைஸ்.

ஒரு கேள்வி மட்டும் உறுத்தும். அன்றைக்கு உலகத்தில் ஆறு அங்குலத்தை விடப் பெரிய டெலஸ்கோப்கள் எத்தனையோ இருந்தன. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலை மேல் 100 அங்குலக் கண்ணாடியே இருந்தது. அதை எல்லாம் விட்டுவிட்டு ஒரு காமெடி நடிகரின் கண்ணில் ஏன் பட்டது?

பெரிய டெலஸ்கோப் என்றால் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. இன்றைக்கு யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த நட்சத்திரம் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டிருப்பார்கள். சும்மா சனி எப்படி இருக்கிறது என்று எட்டிப்பார்க்க அங்கே வழியில்லை. ஹேயின் டெலஸ்கோப் வீட்டிலிருந்து சில எட்டு தூரத்தில், எப்போதும் தயாராக நின்றது. வேலை முடிந்து வந்து, வானம் தெளிவாக இருந்தால் ஒரு பார்வை. அவ்வளவுதான்.

தயாராக நிற்பது என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். டெலஸ்கோப் வாங்கி ஆறு மாதம் ஆனவரைக் கேட்டால் உண்மை தெரியும்.

எட்டு அங்குல டெலஸ்கோப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும். ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். அதன் மேல் மவுண்ட் என்கிற இரும்புத் தலை. அப்புறம் பின்னால் தொங்கவிடும் எதிர் எடைகள், ஜிம்மில் தூக்குகிற மாதிரி. அதற்கு மேல் குழாய். பிறகு மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரி செய்ய வேண்டும். இந்த அச்சு சாய்ந்திருக்க வேண்டிய கோணம் அந்த ஊரின் அட்சரேகை. லண்டனில் 51½ டிகிரி, சென்னையில் 13. இது சரியாக இருந்தால்தான் பூமி சுற்றும் வேகத்துக்கு ஈடாக டெலஸ்கோப் எதிர்ப்பக்கம் திரும்பி, நட்சத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் பேட்டரி, ஒயர். வீட்டுக்குள் கதகதப்பாக இருந்த கண்ணாடி வெளிக்குளிருக்குப் பழக அரை மணி, முக்கால் மணி ஆகும். அதுவரைக்கும் சனி கிரகம் கொதிக்கிற வெந்நீருக்கு அடியில் கிடக்கிற ஒரு ரூபாய் நாணயம் மாதிரி நெளிந்துகொண்டிருக்கும்.

இத்தனையும் முடிந்து கண்ணை வைத்தால் மேகம்! இங்கிலாந்து வானம் அப்படி. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, பனியில் நனைந்ததைத் துடைத்து, உள்ளே கொண்டு போக வேண்டும். மறுநாள் ஆபீஸ். இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாவது தடவை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்" என்று சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆசை போய்விடவில்லை. அந்த முக்கால் மணி நேரம் அதைத் தின்றுவிடுகிறது. எத்தனையோ நல்ல டெலஸ்கோப்கள் மாடிப்படிக்குக் கீழே போர்வை போர்த்திக்கொண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம்.

இங்கேதான் தோட்டத்துக் கொட்டகை வருகிறது. பிரிட்டிஷ் வீடுகளில் கொல்லைப்புறம் இருந்தால் அதில் மரக் கொட்டகையும் ஒன்று நிச்சயம் இருக்கும். புல் வெட்டும் மிஷின், பழைய சைக்கிள், காய்ந்துபோன பெயிண்ட் டப்பா எல்லாம் அடைக்கிற இடம். எட்டடிக்கு ஆறடி. கடையில் பலகை பலகையாகவே கிடைக்கும், வாங்கி வந்து ஆணி அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்குள் டெலஸ்கோப்பை நிரந்தரமாக நட்டுவிட்டு, கூரையை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, சக்கரம் வைத்துத் தள்ளிக்கொள்ளும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் போல அரைக்கோள டோம் வேண்டாம். அது அழகு, ஆனால் விலையும் அதிகம், திறப்பு வழியாக ஒரு கீற்று வானம்தான் தெரியும். கூரை நகரும் கொட்டகையில் முழு வானமும் தலைக்கு மேல்.

முடிந்தது என்று சொல்லிவிட்டோம். முடியாது. கூரையை வெட்டியதும்தான் தெரியும், நான்கு சுவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தக் கூரைதான் என்று. அது இல்லாமல் சுவர்கள் வெளிப்பக்கம் சாய ஆரம்பிக்கும். ஆகவே சுவரின் தலைமாட்டில் சுற்றிலும் கனமான மரச்சட்டம் அடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் இரும்புத் தண்டவாளம். நம்ம ஊரில் காம்பவுண்ட் சுவருக்குத் தள்ளு கேட் போடுகிறார்களே, அதே மாதிரி பள்ளம் வெட்டிய சக்கரம். இதில் ஒரு சூட்சுமம். இரண்டு பக்கமும் பள்ளச் சக்கரம் போட்டால், மழையில் மரம் ஊறி அகலம் கொஞ்சம் மாறினாலும் கூரை இறுகிக்கொண்டு நகராது. ஒரு பக்கம் பள்ளச் சக்கரம், மறுபக்கம் சாதாரணத் தட்டைச் சக்கரம் போட்டால் அந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும். இது பலருக்குக் கூரை சிக்கிக்கொண்ட பிறகுதான் தெரிகிறது.

தண்டவாளம் கொட்டகையோடு நிற்காது. கூரை போய் நிற்க இடம் வேண்டுமே. கொட்டகைக்கு வெளியே அதே நீளத்துக்கு நீட்டி, கால்கள் நட்டுத் தாங்க வேண்டும். பகலில் பார்க்கிறவர்களுக்குப் பந்தக்கால் நட்டுவிட்டுப் பந்தல் போட மறந்துபோன மாதிரி இருக்கும். பெரும்பாலும் கூரையை வடக்குப் பக்கம்தான் தள்ளுவார்கள். லண்டன் மாதிரி ஊர்களில் கிரகங்கள் எல்லாம் தெற்கு வானத்தில் தாழ்வாகப் போகும், அந்தப் பக்கம் மறைக்கக் கூடாது.

கொட்டகையை விட முக்கியம் நடுவில் இருக்கிற தூண். இரண்டு மூன்று அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கான்கிரீட் கொட்டி, அதிலிருந்து தூணை எழுப்புவார்கள். இரும்புக் குழாய்த் தூணாக இருந்தால் உள்ளே மணலைக் கொட்டி நிரப்புவதும் உண்டு. தட்டினால் 'டங்' என்று அதிராமல் 'தொம்' என்று அடங்கிவிடும். இந்தத் தூண் கொட்டகையின் மரத்தரையை எங்கும் தொடவே கூடாது. தரையில் ஓட்டை போட்டு, சுற்றிலும் இடைவெளி விட்டு மேலே கொண்டு வர வேண்டும். 200 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப் நம் காலடி அதிர்வையும் 200 மடங்கு பெரிதாக்கும். தூண் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஒருவர் குளிருக்குக் காலை மாற்றி வைத்தாலே சனி கிரகம் எகிறிக் குதிக்கும்.

குளிர் என்றதும் ஞாபகம் வருகிறது, கொட்டகைக்குள் ஹீட்டர் வைக்கக் கூடாது. உள்ளே சூடான காற்று இருந்தால் அது மேலே கிளம்பிப் பிம்பத்தைக் கலைத்துவிடும். செங்கல் சுவரை விட மரம் நல்லது என்பதற்கும் இதுதான் காரணம். செங்கல் பகலில் வாங்கின வெயிலை ராத்திரி பூரா திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மரம் சீக்கிரம் ஆறிவிடும். மனிதரைப் பொறுத்தவரை, கொட்டகை காற்றை மட்டும்தான் தடுக்கும். ஜனவரி மாதத்தில் உள்ளே நிற்பதற்கும் வெளியே நிற்பதற்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு சாக்ஸ், மூன்று ஸ்வெட்டர்.

கொட்டகைகளைப் பற்றிப் பேசும்போது பாட்ரிக் மூரை விட்டுவிட முடியாது. பிபிசியில் 'தி ஸ்கை அட் நைட்' நிகழ்ச்சியை 1957 ஏப்ரலில் ஆரம்பித்து, 2012 டிசம்பரில் இறக்கும் வரை நடத்தியவர். ஐம்பத்தைந்து வருடம், ஒரே நிகழ்ச்சி, ஒரே தொகுப்பாளர்! தெற்குக் கடற்கரையில் செல்சி என்ற ஊரில் அவர் வீடு. தோட்டத்தில் டெலஸ்கோப்கள். அதில் 12½ அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப்புக்கு ஆஸ்கர் என்று செல்லப்பெயர். இது நின்ற கொட்டகை வேறு ரகம். கூரை மட்டும் நகராது, மொத்தக் கொட்டகையுமே இரண்டு பாதியாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் தண்டவாளத்தில் போய்விடும். நடுவில் டெலஸ்கோப் வெட்டவெளியில் நிற்கும். சந்திரனின் மேடு பள்ளங்களை வரைவதில் பல வருடங்கள் செலவிட்டவர் மூர். இந்த மாதிரிக் கொட்டகை கட்டுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சளைக்காமல் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

1998 ஜனவரியில் செல்சியை ஒரு சூறாவளிச் சுழல் தாக்கியது. ஊரில் நிறைய வீடுகளின் கூரை சேதம். மூரின் தோட்டத்து அவதான நிலையமும் தப்பவில்லை. நகரும் கூரையின் பலவீனம் இதுதான். எது சுலபமாக நகருமோ அது காற்றுக்கும் சுலபம். அதனால் மூடிய பிறகு கூரையைச் சுவரோடு சேர்த்து நாலு மூலையிலும் கொக்கி போட்டு முறுக்கி இறுக்க வேண்டும். சோம்பலில் ஒரு நாள் விட்டுவிட்டால், கூரை பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? ஏற்கெனவே சொன்ன முக்கால் மணி இரண்டு நிமிடம் ஆகிறது. கொக்கியைக் கழற்று, கூரையைத் தள்ளு, மூடியை எடு. கண்ணாடி ஏற்கெனவே வெளிக்குளிரில்தான் இருக்கிறது. அச்சு ஏற்கெனவே துருவத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது. மேகம் வந்தால் மூடிவிட்டுப் போய்ப் படுக்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டு மேகத்துக்கு நடுவே கிடைக்கிற இருபது நிமிடம் கூட உபயோகப்படும். லண்டனில் ஜூன் மாத ராத்திரிகள் முழுசாக இருட்டுவதே கிடையாது, குளிர்காலத்தில் பாதி நாள் மேகம். அப்படிப்பட்ட ஊரில் அந்த இருபது நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் ஒரு வருடத்து வானியல்.

எதிர்வாதமும் இருக்கிறது. கொட்டகையே வேண்டாம் என்பதற்கு சாட்சி ஜார்ஜ் ஆல்காக். பீட்டர்பரோ பக்கத்தில் பள்ளி ஆசிரியர் (இவர் நிஜ வாத்தியார்). பைனாகுலரை வைத்துக்கொண்டே ஐந்து வால் நட்சத்திரங்களையும் ஐந்து நோவாக்களையும் கண்டுபிடித்தவர். 1959 ஆகஸ்டில் ஒரே வாரத்துக்குள் இரண்டு வால் நட்சத்திரம்! 1983 மே மாதம் இன்னொன்று, அதுவும் வீட்டுக்குள் இருந்தபடி, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் இடம் அவருக்கு மனப்பாடம். புதிதாக ஒரு புள்ளி இருந்தால் நம் தெருவில் புது ஆள் நிற்பது நமக்குத் தெரிகிற மாதிரி அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஆல்காக்கும் இதே கட்சிதான். பைனாகுலரை எடுத்து ஜன்னல் பக்கம் போக இரண்டு நிமிடம் கூட ஆகாது. அவருக்கு ஜன்னல், ஹேவுக்குத் தோட்டம்.

அதிர்ஷ்டம் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. அர்ஜென்டினாவில் ரொசாரியோ நகரத்தில் விக்டர் பூசோ என்று பூட்டு ரிப்பேர் செய்பவர். வீட்டுக் கூரை மேல் சொந்தமாக ஒரு அவதான நிலையம், அதில் 40 சென்டிமீட்டர் டெலஸ்கோப். 2016 செப்டம்பர் 20-ஆம் தேதி ராத்திரி புதுக் கேமராவைச் சோதித்துப் பார்க்கலாம் என்று என்ஜிசி 613 என்ற கேலக்ஸியை வரிசையாகப் படம் எடுத்தார். முதலில் எடுத்த படங்களில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தவற்றில் ஒரு புள்ளி, அடுத்தடுத்த படத்தில் பிரகாசம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்து, அதன் முதல் வெளிச்சம் வெளியே வரும் கணம். அப்படி வெடித்த உடனே படம் பிடிப்பது விஞ்ஞானிகள் பல வருடம் காத்திருந்த காரியம். 2018-ல் நேச்சர் பத்திரிகையில் வந்த கட்டுரையில் விஞ்ஞானிகளின் பெயர்களோடு பூசோவின் பெயரும் இருக்கிறது. அதிர்ஷ்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்தபோது டெலஸ்கோப் மாடிப்படிக்குக் கீழே போர்வைக்குள் இல்லை.

வருத்தமான விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹே பார்த்த வானம் இன்று நார்பரியில் இல்லை. லண்டன் முழுக்கத் தெருவிளக்கு, அதன் வெளிச்சம் மேலே போய் வானத்தையே சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கிறது. மங்கலான கேலக்ஸிகளும் பால்வீதியும் அங்கே போயே போச்சு. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டகைச் சுவர் பக்கத்து வீட்டு விளக்கு நேராகக் கண்ணில் அடிப்பதைத் தடுக்கும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும் என்பதால் அது பெரிய உதவி. உள்ளே மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் போட்டுக்கொள்வார்கள். ஆனால் வானத்தின் சாம்பலைச் சுவர் என்ன செய்யும்?

சனி மட்டும் இதற்கெல்லாம் அசருவதில்லை. பிரகாசமான கிரகம் என்பதால் லண்டன் நடுவிலும் தெரியும், மாம்பலத்து மொட்டை மாடியிலும் தெரியும். ஹே பார்த்த மாதிரி வெள்ளைப் புயல் அதற்கு முன் 1876-லும் 1903-லும் வந்தது. பின்னால் 1960, 1990. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு ஒருமுறை, சனி சூரியனைச் சுற்றி வர ஆகும் காலமும் அதே அளவு. 1990-ல் அதை முதலில் பார்த்ததும் ஓர் அமெச்சூர்தான். அடுத்தது 2020 வாக்கில் என்று எதிர்பார்த்தால், 2010 டிசம்பரிலேயே கிளம்பி கணக்கைக் கெடுத்தது. அப்போது சனியைச் சுற்றிக்கொண்டிருந்த காசினி விண்கலம் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தது. அந்த விண்கலமும் 2017 செப்டம்பரில் சனிக்குள்ளேயே விழுந்து முடிந்துவிட்டது. அடுத்த புயல் எப்போது என்று தேதி யாரிடமும் இல்லை.

கொட்டகைக்காரர் ராத்திரி வேலை முடித்துப் போகும்போது கடைசியாகச் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கூரையை இழுக்கும் முன் டெலஸ்கோப் படுக்கை வாட்டில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கொட்டகையை ரொம்ப உயரமாகக் கட்ட முடியாது, இங்கிலாந்தில் வேலியோரத்துக் கொட்டகை இரண்டரை மீட்டருக்கு மேல் போனால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆகவே கூரையின் முக்கோண முனை குழாய்க்குச் சற்று மேலேதான் உரசுகிற மாதிரி போகும். இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், டெலஸ்கோப் சனியைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்போதே கூரையை இழுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். அதனால் அனுபவசாலிகள் கதவுக்கு உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள்: முதலில் படுக்க வை, பிறகு மூடு.